கார் ஏறும் தளம் இறங்கிவிட்டால் யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் வீட்டின் கேட்டிலிருந்து போர்டிகோ வரை பேவர் பிளாக் தளம் போட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. முதல் மழையிலேயே கார்ச் சக்கரம் ஏறி இறங்கும் இரண்டு தடங்களும் பள்ளமாகிவிட்டன. போர்டிகோவின் முன்னால் தண்ணீர் தேங்கி உள்ளே வருகிறது. ஓரத்துக் கற்கள் விலகிவிட்டன. சில கற்கள் மிதித்தாலே ஆடுகின்றன. ஒப்பந்ததாரரை அழைத்தோம். ஒரு முறை வந்து பள்ளத்தில் மணலைக் கொட்டி, கற்களை மறுபடி அடுக்கிவிட்டுப் போனார். ஒரே மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. இப்போது கேட்டால், "ரோலர் ஓட்டித்தான் போட்டேன். பூமி இறங்கினால் நான் என்ன செய்வது? உங்கள் கார் கனமான கார். பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்" என்கிறார். எங்களிடம் இருப்பது ஒரு பக்க மதிப்பீட்டுத் தாள் மட்டுமே. பரப்பளவும் தொகையும், "நல்ல முறையில் பேவர் பிளாக் பதித்துத் தருதல்" என்ற ஒரு வரியும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிட்டு, வேறொருவரைக் கொண்டு புதிதாகப் போட்டுக்கொண்டு, அந்தச் செலவை இவரிடம் கேட்கலாமா?
— வாசகி ஒருவர்

பதில்: கேட்கலாம். ஆனால் தளத்தை இன்றே பெயர்த்துவிட்டால், நாளை கேட்பதற்கு உங்கள் கையில் சான்று எதுவும் மிஞ்சாது. மேலே தெரியும் பள்ளம் குறையின் அடையாளம்தான். குறை கல்லுக்கு அடியில் இருக்கிறது. அந்த அடிப்பகுதியை ஒப்பந்ததாரரும் பார்ப்பதற்கு முன்னரே நீங்கள் கலைத்துவிட்டால், "நான் சரியாகத்தான் போட்டிருந்தேன், பிரித்தவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள்" என்று அவர் சொல்வதை மறுக்க வழி இராது. ஆகவே முதலில் அளவெடுங்கள், படம் எடுங்கள். பிறகு அவரையும் வைத்துக்கொண்டு ஓரிரு இடங்களில் பத்துப் பன்னிரண்டு கற்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். வாக்குவாதத்தை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம். பல நேரங்களில் அதற்குத் தேவையே இராது.

பள்ளம் எந்த வடிவில் விழுந்திருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். சக்கரத் தடங்களில் மட்டும் இரு கோடுகளாக இறங்கியிருந்தால், கீழே இருக்கும் சரளைப் படுகை போதிய கனத்தில் இல்லை அல்லது சரியாக இறுக்கப்படவில்லை என்று கொள்ளலாம். குழாய் புதைத்த வழியே நீளவாக்கில் பள்ளம் விழுந்தால், தோண்டிய பள்ளத்தை அடுக்கடுக்காகத் திமிசு போடாமல் ஒரே வீச்சில் மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். ஓரத்துக் கற்கள் வெளிப்புறமாக நகர்ந்து இடுக்குகள் அகன்றுகொண்டே வந்தால், அவற்றைப் பிடித்து நிறுத்தும் கரைக்கல்லோ கான்கிரீட் விளிம்போ வைக்கவில்லை, அல்லது வைத்ததில் பலமில்லை. ஒழுங்கின்றி அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருந்தால், ஜல்லியால் சரிசெய்ய வேண்டிய மட்டத்தை மணலால் சரிசெய்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம். தண்ணீர் போர்டிகோவை நோக்கி வருவது தனிக் குறை. சக்கரத் தடம் விழாத இடங்களிலும் தண்ணீர் வீட்டுப் பக்கமே ஓடினால், அது தளம் இறங்கியதால் வந்தது அன்று. போடும்போதே வாட்டம், அதாவது தண்ணீர் வடிய வைக்கும் சரிவு, தவறியிருக்கிறது. உங்கள் கடிதத்திலிருந்து பார்த்தால், முதலாவதும் மூன்றாவதும் வாட்டப் பிழையும் சேர்ந்தே இருக்கின்றன போலும்.

அளவெடுப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. வளைவில்லாத 3 மீட்டர் நீள அலுமினியச் சட்டம் ஒன்றைத் தளத்தின் மீது கிடத்தி, அதன் அடியில் தெரியும் இடைவெளியை அளவுகோலால் அளந்து, அளவுகோல் தெரியும்படியே படம் எடுங்கள். 3 மீட்டர் நீளத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பதும், அடுத்தடுத்த இரு கற்களுக்கிடையே உயர வேறுபாடு 3 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பதும் இந்தத் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்புகள். வாட்டத்தைத் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்துப் பார்த்துவிடலாம். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு இருப்பது நல்லது. ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தண்ணீர் தயங்கும். சரிவு வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கற்களை எடுக்கும்போது முதல் கல்தான் கஷ்டம். எதிரெதிர் இடுக்குகளில் தட்டையான இரண்டு இரும்புப் பட்டைகளைச் செருகி, மாறி மாறி நெம்பினால் வந்துவிடும். மற்றவை கையோடு வரும். கல்லின் கனத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். கார்களுக்கு 60 மில்லிமீட்டர் போதும், சுமை லாரி ஏறுமிடத்துக்குத்தான் 80 வேண்டும். அடுத்து மணல் படுகை. கல்லை உட்கார வைப்பதற்காக மட்டுமே போடப்படும் அந்த மணல் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை, எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். அளவுகோலை இறக்கும்போது ஓரிடத்தில் 30, இன்னோரிடத்தில் 80 என்று வந்தால், உங்கள் வழக்கின் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. மணலை விலக்கிவிட்டு, அடியிலுள்ள சரளைப் படுகையில் கடப்பாறை முனையைக் கையால் அழுத்துங்கள். நன்றாக இறுக்கிய படுகையில் அது இறங்காது. கெட்டியான மண்ணில், கார் போகும் தளத்துக்கு 150 முதல் 200 மில்லிமீட்டர் கனத்தில் இந்தப் படுகை வேண்டும். களிமண்ணாக இருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். பல "மலிவான" தளங்களில் இந்தப் படுகையே இருப்பதில்லை. சமன்செய்த மண்ணின் மேல் மணல், மணலின் மேல் கல் என்று முடித்துவிடுகிறார்கள். வேலையை ஒப்படைக்கும் நாளில் படுகை உள்ள தளமும் இல்லாத தளமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ரோலர் ஓட்டினேன் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அது போதாது. மண்ணும் சரளையும் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தில்தான் முழு இறுக்கத்தை அடைகின்றன என்பதை 1933-இல் ப்ராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் சோதனை முறையாகவே வகுத்துத் தந்தார். இன்றும் தளம் போடுபவர்கள் "95 விழுக்காடு இறுக்கம்" என்று பேசுவது, அந்தச் சோதனையில் கிடைக்கும் உச்ச இறுக்கத்தை நூறாகக் கொண்டுதான். தண்ணீர் தெளிக்காமல் காய்ந்த புழுதியின் மேல் ரோலர் ஓட்டினாலும், 200 மில்லிமீட்டர் கனத்தை ஒரே அடுக்காகக் கொட்டிவிட்டுச் சிறிய இயந்திரத்தால் மேலே மட்டும் தட்டினாலும் அடிப்பகுதி தளர்ந்தே கிடக்கும். முதல் மழை அதை நனைத்ததும், கார் ஏறி மீதி வேலையை முடித்துவைக்கிறது.

கார் கனம் என்ற வாதத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே தளம் போட வந்தவருக்கு அதன் மேல் கார் ஏறும் என்பது தெரியாது என்றால் எந்த நடுவரும் ஏற்கமாட்டார். பூமி இறங்கியது என்பதும் அவ்வாறே. நிலம் தளர்ந்தது என்றால் அதைப் பார்த்துச் சொல்லி, படுகையைக் கூட்டிப் போடுவது வேலையை ஏற்றவரின் கடமை. "கீழே மண் சரியில்லை, செலவு கூடும்" என்று அவர் முன்கூட்டியே எச்சரித்து, நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் நிலைமை மாறும். உங்கள் பக்கத்தையும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: தளம் போட்ட பிறகு அதன் மேல் மணல் லாரியோ தண்ணீர் லாரியோ ஏறியதா? மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் நேராகத் தளத்தின் மேல் கொட்டுகிறதா? அடியில் குழாய் எதுவும் கசிகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தால், எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திராமல் நீங்களே கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

இனிக் கடிதம். தொலைபேசியில் எத்தனை முறை பேசியிருந்தாலும், எழுத்தில் இல்லாதது பிற்பாடு நிற்காது. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். வேலை முடிந்த தேதி, கொடுத்த தொகை, பாக்கித் தொகை, அவர் ஒரு முறை செய்த பழுதுபார்ப்பும் அது நிற்காமல் போனதும் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். குறையை எழுதும்போது "மிக மோசமான வேலை" என்று எழுதாதீர்கள். "போர்டிகோ படியிலிருந்து 2 மீட்டர் தொலைவில், வலப்புறச் சக்கரத் தடத்தில், 3 மீட்டர் சட்டத்தின் அடியில் 28 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளது" என்பது போல எழுதினால் மறுப்பதற்கு அவர் வந்து அளந்தாக வேண்டும். அடுத்து, நீங்கள் கேட்பது என்ன என்பதைத் திட்டமாகச் சொல்லுங்கள்: இறங்கிய பகுதியின் கற்களை எடுத்து, படுகையை உரிய கனத்தில் அடுக்கடுக்காக இறுக்கி, வாட்டத்தைத் திருத்தி, கரைக்கல் வைத்து, அதே கற்களை மீண்டும் பதித்து, இடுக்குகளில் மணல் நிரப்பித் தர வேண்டும். இருவரும் சேர்ந்து பார்வையிட ஒரு தேதியும், வேலையைத் தொடங்க இரண்டு வாரம் போன்ற நியாயமான ஒரு கெடுவும் குறிப்பிட்டு, கெடு தவறினால் வேறொருவரைக் கொண்டு செய்து அதற்காகும் நியாயமான செலவை அவரிடம் கோருவீர்கள் என்று முடியுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு நகல் போகட்டும். "மோசடி", "ஏமாற்று" போன்ற சொற்கள் கடிதத்தில் வேண்டாம். அவை மனத்தை ஆற்றுமே தவிரத் தளத்தை உயர்த்தா, சில வேளைகளில் உங்கள் மீதே வழக்காகத் திரும்பவும் கூடும்.

சரிசெய்ய அவருக்கே முதல் வாய்ப்புக் கொடுக்க வேண்டுமா என்று உங்களுக்கு எரிச்சல் வரலாம். ஒரு முறை மணல் கொட்டிப் போனவர்தானே என்பீர்கள். ஆனாலும் கொடுத்துப் பாருங்கள். வாய்ப்பே தராமல் வேறொருவரிடம் போனால், "என்னிடம் சொல்லியிருந்தால் இதில் பாதிச் செலவில் முடித்திருப்பேன்" என்ற ஒரே வாக்கியத்தால் அவர் உங்கள் கோரிக்கையைக் குறைத்துவிட முடியும். எழுத்தில் வாய்ப்புத் தந்து, அதை அவர் தவறவிட்டது பதிவாகிவிட்டால் உங்கள் கை ஓங்கும்.

பாக்கிப் பணத்தைப் பொறுத்தவரை, தரவே மாட்டேன் என்று சொல்ல வேண்டாம்; பழுது நீங்கியவுடன் தருவதற்காக வைத்திருக்கிறேன் என்று எழுதுங்கள். நிறுத்திவைக்கும் தொகை பழுதுபார்க்கும் செலவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பாக்கி அதைவிடப் பெரிதாக இருந்தால் மிகுதியைக் கொடுத்துவிடுவது உங்கள் நேர்மைக்குச் சாட்சியாகும். எந்தத் தாளிலும் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பமிட்டுவிடாதீர்கள்.

ஒரு பக்க மதிப்பீடுதான் இருக்கிறதே என்று கலங்க வேண்டியதில்லை. கூலிக்கு ஒரு வேலையை ஏற்றவர் உரிய திறமையோடும் கவனத்தோடும் அதைச் செய்ய வேண்டும் என்பதை, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் எழுதியதாகவே பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் கொள்கின்றன. உங்கள் தாளில் "நல்ல முறையில்" என்ற சொற்கள் வேறு இருக்கின்றன.

கூட்டுப் பார்வைக்கு அவர் வராவிட்டாலோ, வந்தும் ஒப்புக்கொள்ளாவிட்டாலோ, ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கட்டணம் கொடுத்து அழைத்து, குறையின் காரணம், அதைத் தீர்க்கும் வழி, அதற்காகும் செலவு ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். இன்னொரு ஒப்பந்ததாரரிடம் அறிக்கை கேட்காதீர்கள். அடுத்த வேலையைத் தானே பெறும் நோக்கில் எழுதிய தாள் என்று அதை ஒரே மூச்சில் தள்ளிவிடுவார்கள். அவரிடம் வாங்க வேண்டியது விலைப்புள்ளி மட்டுமே, அதுவும் இரண்டு பேரிடமாவது.

கடைசியாக, உங்கள் கேள்வியிலேயே உள்ள "எல்லாவற்றையும்" என்ற சொல்லைப் பற்றி. 1995-இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதற்குப் பொருந்தும். வீட்டு உரிமையாளர் ஒருவர் 7 அடி 6 அங்குல ஆழத்தில் நீச்சல்குளம் கேட்டிருந்தார். கட்டுநர் 6 அடி 9 அங்குலத்தோடு நிறுத்திவிட்டார். குளம் பயன்படுத்தத் தக்கதாகவே இருந்ததால், இடித்துக் கட்ட ஆகும் 21,000 பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை மறுக்கப்பட்டு, கேட்டது கிடைக்காத குறைக்காக 2,500 பவுண்டு மட்டுமே நிலைத்தது. சீராக்கும் செலவு கிடைக்கும் பயனோடு பொருந்தாமல் மிஞ்சிப் போனால் நடுவர்கள் அதைத் தரமாட்டார்கள் என்பதே இதன் சாரம். உங்கள் தளம் பயன்பாட்டிலேயே பழுதுபட்டிருப்பதால் படுகையை மீண்டும் போடும் செலவைக் கோருவது நியாயம். ஆனால் பேவர் பிளாக்கைப் பொறுத்தவரை கல் திரும்பப் பயன்படும் பொருள். உடையாத கற்களுக்குப் புது விலை கேட்டால் கோரிக்கை முழுவதுமே சந்தேகத்துக்குள்ளாகும். படுகை, மணல், கரைக்கல், உடைந்த கற்கள், கூலி, பொறியாளர் கட்டணம் என்று கணக்கிடுங்கள். அந்தக் கணக்கோடு நுகர்வோர் குறைதீர் அமைப்பையோ சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தையோ அணுகலாம். முறையீடு செய்யச் சட்டம் கால வரம்பு வைத்திருக்கும். "அடுத்த மாதம் வருகிறேன்" என்ற வாக்குறுதிகளால் அது நீளாது என்பதை மனத்தில் வையுங்கள்.

கேள்வி: நான் பேவர் பிளாக் வேலை செய்யும் ஒப்பந்ததாரர். நான் போட்ட தளம் ஓர் இடத்திலும் இறங்கவில்லை, தண்ணீரும் தேங்கவில்லை. ஆனால் கற்களின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, நிறமும் ஒன்றுக்கொன்று மாறுகிறது என்று சொல்லி, முழுவதையும் மாற்றித் தந்தால்தான் பாக்கித் தொகை என்று வீட்டுக்காரர் பிடிவாதம் பிடிக்கிறார். என்ன செய்வது?
— ஒப்பந்ததாரர் ஒருவர்

பதில்: வெள்ளைப் பூப்பைப் பொறுத்தவரை நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிவதே அது. கல்லின் வலிமையை அது குறைப்பதில்லை. மழையிலும் புழக்கத்திலும் நாளடைவில் மங்கிவிடும். இதை வீட்டுக்காரரிடம் வாயால் சொன்னால் சாக்காகத்தான் கேட்கும். தளத்தின் ஒரு மூலையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். அதற்கென்று விற்கும் மென்மையான அமிலக் கழுவியால் அங்கே மட்டும் கழுவிக் காட்டி, அந்த இடத்தைச் சில வாரங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் கழுவும் அமிலம் கடுமையாகிவிட்டால் மேற்பரப்பே அரித்து, உள்ளேயுள்ள சிறு ஜல்லி வெளியே தெரியும். பிறகு அது நீங்கள் செய்த குறையாகிவிடும்.

நிற வேறுபாட்டில் உங்களுக்கு அவ்வளவு எளிதாக நற்சான்று தர இயலவில்லை. ஒவ்வொரு வார்ப்புக்கும் நிறம் சிறிது மாறும் என்பது உண்மைதான். அதனால்தான் வந்திறங்கிய கற்களை மூன்று நான்கு அடுக்குகளிலிருந்து கலந்து எடுத்துப் பதிக்கிறார்கள். நீங்கள் ஓர் அடுக்கை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியிருந்தால், தளத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரியும். அது கல்லின் குற்றம் அன்று, பதித்தவரின் குற்றம். அப்படியிருந்தால், கண்ணில் உறுத்தும் பகுதியில் மட்டும் கற்களை மாற்றி அடுக்கித் தர முன்வாருங்கள். முழுத் தளத்தையும் மாற்றச் சொல்வதற்கு, மேலே சொன்ன நீச்சல்குளத் தீர்ப்பின் அளவுகோல் உங்களுக்கும் துணை நிற்கும்.

கேள்வி: எங்கள் தளம் கான்கிரீட். போட்டு மூன்று மாதத்தில் குறுக்கே இரண்டு இடங்களில் விரிசல் விட்டதோடு, மேற்பரப்பு மாவுபோல உதிர்ந்து செருப்பில் ஒட்டுகிறது. சிமெண்ட் பால் பூசிச் சரிசெய்து தருவதாக ஒப்பந்ததாரர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகர் ஒருவர்

பதில்: சிமெண்ட் பாலை ஒப்புக்கொள்ள வேண்டாம். உதிரும் பரப்பின் மேல் பூசியது அந்தப் பரப்போடு சேர்ந்தே உரிந்து வரும். அதற்குள் பல மாதங்கள் கழிந்திருக்கும்.

இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு. கான்கிரீட் உலரும்போது சுருங்கும். எங்கே விரிசல் விட வேண்டும் என்பதை நாம் முன்னரே வெட்டி வைக்காவிட்டால், அது தன் விருப்பப்படி விட்டுக்கொள்ளும். 100 மில்லிமீட்டர் கனமுள்ள தளத்தில் ஏறத்தாழ 2.4 முதல் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு இருக்க வேண்டும். உங்கள் தளத்தில் வெட்டுகள் இருக்கின்றனவா, எத்தனை மீட்டருக்கு ஒன்று என்று முதலில் அளந்து பாருங்கள். விரிசல் முடியளவாக இருந்து இரு பக்கமும் சமமாக நின்றால், அதை அடைத்துவிட்டுத் தளத்தை வைத்துக்கொள்ளலாம். விரிசலின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தாலோ, அகலம் மாதத்துக்கு மாதம் கூடினாலோ, அடியிலுள்ள மண் கைவிட்டிருக்கிறது என்று பொருள். அப்போது முதல் கேள்விக்குச் சொன்ன வழியிலேயே போக வேண்டும்.

மாவாக உதிர்வது பெரும்பாலும் மேலே பொங்கி நின்ற தண்ணீர் வடிவதற்குள் கரணை போட்டதாலும், வழவழப்பு வர மேலே தண்ணீரோ உலர்ந்த சிமெண்டோ தூவியதாலும், அதன்பின் ஒரு வாரமாவது ஈரம் காக்காமல் விட்டதாலும் வருவது. சாவியால் அழுத்திக் கீறிப் பாருங்கள். மேல்தோல் மட்டும் உதிர்ந்து, அடியில் சாவி வழுக்கினால், பரப்பை இயந்திரத்தால் தேய்த்துவிட்டு, கான்கிரீட்டுக்குள் ஊறி இறுகும் திரவம் பூசுவது போதுமான பரிகாரம். அதை அவர் செலவிலேயே கேளுங்கள். கீறக் கீற உள்ளேயும் மணலாகவே வந்தால் கலவையே தவறு. அந்நிலையில் பொறியாளரைக் கொண்டு இரண்டு மூன்று இடங்களில் உருளைத் துண்டு வெட்டி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் துண்டின் நீளமே தளத்தின் உண்மையான கனத்தையும் காட்டிவிடும். 100 மில்லிமீட்டருக்குப் பணம் வாங்கிக்கொண்டு 70 போட்டிருந்தால், வலிமை எண் வரும் வரை நீங்கள் காத்திருக்கவே வேண்டியதில்லை. துண்டு வெட்டும் நாளில் அவரையும் அருகில் நிற்கச் சொல்லி, எடுத்த துண்டோடு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, அதன் மேல் இருவரும் தேதியிட்டுக் கையொப்பமிட்டுவிடுங்கள்.